அன்றாடம் காய்ச்சிகளுக்குச் சிறிய சிலிண்டர்

எங்கள் ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார் பலர். அன்றாடக் கூலியில் அரிசியைக் கிலோ கணக்கிலும், எண்ணெயைப் பாக்கெட்டிலும் அவர்கள் வாங்குகின்றனர். சமையல் எரிவாயுவை மட்டும் 14.2 கிலோவாக, மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கொடுத்து வாங்க வேண்டியுள்ளது!

2016ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை இல்லங்களுக்கும் எரிவாயு இணைப்பைத் தந்தது. நன்று. ஆனால் இணைப்புப் பெறுவது ஒருமுறை. சிலிண்டர் வாங்குவதோ தீரும் போதெல்லாம். பணம் சேரும்வரை விறகடுப்புதான் எரிகிறது. அதன் புகை தாயின் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது. விறகு பொறுக்கச் செல்லும் மகளின் படிப்பும் கெடுகிறது.

வழி இல்லாமலில்லை. உஜ்வலா பயனாளிகள் 5 கிலோ சிலிண்டரையும் கேட்டுப் பெறலாம். எடைக்கேற்ற மானியமும் உண்டு. இதைப் பலர் அறியார். இணைப்பு இல்லாதவர் கடையில் வாங்கும் 5 கிலோ சிலிண்டருக்கோ மானியம் இல்லை. வரியும் 5 சதவீதத்திற்குப் பதில் 18 சதவீதம். சிறிதாக வாங்குபவரே கிலோவுக்கு அதிகம் கொடுப்பது நீதியா?

சிறிய சிலிண்டரை அடிக்கடி கொண்டுவரச் செலவு கூடும் என்பர். உண்மையே. ரேஷன் கடையிலேயே மானிய விலையில் வைத்தால், அரிசியுடன் அதையும் தூக்கி வந்துவிடலாமே!

அன்றாட உணவுக்காக நாள்தோறும் செபிக்கிறோம். அதைச் சமைக்கும் நெருப்பும் அன்றாடக் கூலிக்கு எட்ட வேண்டாமா? சிந்திப்போம்; அறிந்ததை அண்டை வீட்டாருக்கும் சொல்வோம்.