"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டேன்

மாணவச் செல்வங்களே, உறவினர்களே,

போன வாரம் என் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். தங்கையின் பேத்திக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வில் பி.எஸ்சி. வேளாண்மை கிடைத்திருக்கிறது. வந்தவர்களெல்லாம், "ஏம்மா, டாக்டருக்குக் கிடைக்கலியா?" என்றே கேட்டார்கள். நானும் அவள் தலையைத் தடவி, "பரவாயில்லம்மா, இதுவும் நல்ல படிப்புதான்" என்றேன்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, நான் ஆசைப்பட்டு எடுத்த படிப்பு இது. எல்லாரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறாங்க. நீங்களுமா?" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் எத்தனையோ முறை, "படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போகணும்" என்று சொல்லியிருக்கிறேன். எதிரே இருந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா விவசாயி. உங்களை உசுப்பேற்றுவதாக நினைத்தேன். உங்கள் அப்பாக்களைத் தோற்றவர்கள் ஆக்கியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. மன்னியுங்கள்.

வேளாண்மை படிக்கும் பிள்ளைகளில் பலர் மருத்துவம் கிடைக்காமல் வந்தவர்கள், முடித்ததும் வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. என்று போய்விடுகிறார்கள், சேற்றில் இறங்குவதில்லை என்று குறை சொல்கிறோம். இறங்க நிலம் வேண்டாமா? நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டாமா? விவசாயம் பார்க்கும் பையனுக்குப் பெண் கொடுக்க நம்மில் எத்தனை பேர் தயார்? வரவு செலவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை மாதச் சம்பளத்தைத் தேடுவது தவறில்லை.

அதோடு, ஏர் பிடிப்பது மட்டும் விவசாயம் அல்ல. நம் ஊரில் போடும் ஏ.டி.டி. 43 நெல்லில் உள்ள ஏ.டி.டி. என்பது ஆடுதுறையைக் குறிக்கும். 1922-ல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் படிப்பு படித்தவர்கள் உருவாக்கிய ரகம் அது. மண்ணைச் சோதித்து உரத்தின் அளவு சொல்பவரும், எந்தப் பூச்சிக்கு மருந்து தேவையில்லை என்று சொல்பவரும் விவசாயத்துக்கு வேண்டியவர்களே. 1868-ல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு மாறி, 1971-ல் பல்கலைக்கழகம் ஆன இடத்தில் படிக்கப் போகிறவளுக்கு நம் ஆறுதல் எதற்கு?

இந்தப் படிப்பில் கடைசி வருடம் மாணவர்கள் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு வயலில் பழக வேண்டும். உங்கள் ஊருக்கு அப்படி யாராவது வந்தால், என் மாணவர்களே, திண்ணையில் உட்கார வைத்துப் பேசுங்கள். லாபத்தோடு கடனையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தத் தொழிலை விரும்புவதும் விலகுவதும் உண்மை தெரிந்தபின் அவர்கள் எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். இந்த முறை "பரவாயில்லை" சொல்லவில்லை. "வாழ்த்துகள்மா" என்றேன். நம் வீட்டில் யாராவது இந்தப் படிப்பு எடுத்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்