படியேறும் படகு

 

இந்த முறை உங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறேன். பயப்பட வேண்டாம். கடல் இல்லை, அலை இல்லை. பெரும்பாலான இடங்களில் இடுப்பளவு அல்லது மார்பளவுத் தண்ணீர்தான். அவசரக்காரர்கள் மட்டும் கரையிலேயே நின்றுகொள்ளுங்கள். ஏனென்றால் இந்தப் படகு மணிக்கு நான்கு மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறவர் இதைவிட வேகமாகப் போய்விடுவார்!

நாம் போவது இங்கிலாந்தின் கிராமப்புறக் கால்வாய்களுக்கு. அங்கே ஓடும் படகுக்குக் ‘குறும்படகு’ என்று பெயர் வைக்கலாம். அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. நீளமோ எழுபது அடி வரை போகும். ஒரு பெரிய பேருந்தைப் பக்கவாட்டில் நசுக்கி, நீளமாக இழுத்துவிட்டது போல இருக்கும். ஏன் இப்படி ஒல்லியாகக் கட்டினார்கள்? சொல்கிறேன்.

250 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே சாலைகள் வெறும் சேறு. வோர்ஸ்லி என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் வைத்திருந்த பிரிட்ஜ்வாட்டர் பிரபு, தம் கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டச் செய்தார். 1761இல் அது திறக்கப்பட்டது. நகரத்தில் கரியின் விலை பாதியாகச் சரிந்தது. வண்டியில் ஓரிரு டன் இழுக்கவே திணறும் குதிரை, கரையோரமாக நடந்து கயிற்றால் இழுத்தால் தண்ணீரில் 30 டன் சுமையை நகர்த்திவிடும். பிறகென்ன? நாடெங்கும் கால்வாய் வெட்டும் பித்துப் பிடித்துக்கொண்டது.

அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. எழுதப் படிக்க அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் தண்ணீரின் குணம் அத்துப்படி. வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் கசியாமலிருக்கக் களிமண்ணை நீர் விட்டுப் பிசைந்து பூசச் செய்தார். அந்தக் களிமண்ணை மிதிக்க மாடுகளைக்கூட ஓட்டிவிடுவார்களாம்.

சரி, நிலம் சமமாக இருந்தால் தண்ணீர் நிற்கும். மேடு வந்தால்? படகு மலை ஏறுமா?

ஏறும், வாசகர்களே! படிப்படியாக ஏறும். அந்தப் படிக்கு ‘லாக்’ என்று பெயர். நாம் மதகுத் தொட்டி என்று சொல்வோம். படகு நுழையுமளவுக்குக் கட்டிய கல் தொட்டி அது. மேல்பக்கம் கதவு, கீழ்ப்பக்கம் கதவு. தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் செலவும் அதிகம், தண்ணீரும் அதிகம். அதனால்தான் ஏழடி அகலத்தோடு நிறுத்தினார்கள்; படகும் ஒல்லியானது.

இப்போது நீங்களே வேலை செய்யுங்கள். படகு கீழே இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் வற்றியிருக்கிறது. படகை உள்ளே விட்டுக் கீழ்க்கதவைச் சாத்துங்கள். கையில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்று தந்திருக்கிறேன். அதைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றுங்கள். மேல்பக்கத்துச் சிறு மதகுப் பலகை உயரும். மேலிருக்கும் தண்ணீர் குபுகுபுவெனத் தொட்டிக்குள் இறங்கும். படகு கொஞ்சம் கொஞ்சமாக மிதந்து எழும். உள்ளும் வெளியும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்ததும், கதவில் பதித்த நீண்ட மரக்கட்டையில் முதுகைச் சாய்த்துத் தள்ளுங்கள். கதவு திறந்துகொள்ளும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆனால் அப்போது கவனம் தேவை. மேல்கதவின் அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு கல்திண்டு இருக்கும். படகின் பின்புறம் அதில் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் இறங்க இறங்க முன்புறம் அமிழ்ந்து படகே மூழ்கிவிடும்.

தண்ணீர் மட்டம் சமமாகும் முன் கதவைத் திறக்கப் பாருங்கள். பத்துப் பயில்வான்கள் வந்தாலும் முடியாது. தண்ணீரின் பாரமே கதவைப் பூட்டி வைத்திருக்கும். மட்டம் சமமாகிவிட்டால் ஒரு பெண்பிள்ளை தள்ளினாலும் திறக்கும். பொறுத்திருப்பதுதான் அங்கே பலம்.

உஸ்டர்ஷயரில் டார்டிபிக் என்று ஓர் ஊர். அங்கே இரண்டேகால் மைல் தூரத்துக்குள் 30 தொட்டிகள் அடுத்தடுத்து வரும். படகு 220 அடி உயரம் ஏறும். அரை நாள் வேலை; மறுநாள் தோள் வலி. ஒவ்வொரு தொட்டியும் நிரம்பச் சுமார் 25,000 கேலன் தண்ணீர் வேண்டும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னோரிடம் ஹேர்காஸில் என்னும் குன்று. அதைக் குடைந்து 1777இல் ஒரு சுரங்க வழி திறந்தார்கள். நீளம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர். உள்ளே குதிரை நடக்க வழியில்லை. குதிரையைக் குன்றின் மேலே நடத்திச் செல்வார்கள். படகில் ஆட்கள் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரில் காலால் நடந்தே படகை நகர்த்துவார்கள். கும்மிருட்டில் மூன்று மணி நேரம் வரை இந்தக் கால்நடை!

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிச் சொல்வதுதான் நம் நெஞ்சைத் தொடுவது.

1830களுக்குப் பிறகு இரயில் பரவியது. படகுச் சரக்குக்குக் கூலி இறங்கியது. அதுவரை கரையில் வீடு வைத்து, கூலிக்கு ஆள் வைத்துப் படகோட்டியவர்கள் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டு வாடகையும் மிச்சம், ஆள் கூலியும் மிச்சம் என்று மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.

படகின் பின்கோடியில் பத்தடி நீளத்தில் ஓர் அறை. அகலம் ஏழடிகூட இல்லை. அதற்குள் கரி அடுப்பு, மடக்கு மேசை, இரவில் விரித்துக் காலையில் அலமாரிக்குள் மடக்கிவிடும் கட்டில். அங்கேதான் சமையல், அங்கேதான் தூக்கம், அங்கேதான் பிரசவம். லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நெருக்கடி என்றால் என்னவென்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் பித்தளையைப் பளபளவெனத் தேய்த்து வைத்தார்கள். கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப் பூவும் கோட்டையுமாகச் சித்திரம் தீட்டியிருந்தது. ஏழ்மை இருந்தது, அழுக்காக இருக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

கூலி குடும்பத் தலைவன் கையில்தான். மனைவி சுக்கான் பிடித்தாள். பிள்ளைகள் குதிரையை நடத்தினார்கள், மதகைத் திறந்தார்கள். அவர்களுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. மங்கு துடைக்கவும் பால் எடுக்கவும் அப்பா அம்மாவோடு இருட்டிலேயே நிரைக்குப் போன கதையை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பேர் ஒருவருக்கு, வேலை நாலு பேருக்கு!

அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிப் போவார்கள்? இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். வீடு நகர்ந்துகொண்டே இருந்தால் பள்ளி எட்டுமா?

இதைக் கண்டு கொதித்தவர் கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித். அவரே சிறு வயதில் செங்கல் சூளையில் தலைமேல் களிமண் சுமந்தவர். சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடி 1871இல் சட்டம் வர வழி செய்தார். அடுத்துப் படகுப் பிள்ளைகளுக்காக எழுதினார், பேசினார். 1877இல் சட்டம் வந்தது. குடும்பம் வசிக்கும் படகைப் பதிய வேண்டும், இத்தனை பேர்தான் தங்கலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றது சட்டம். 1884இல் அதை இறுக்கினார்கள். ஆனாலும் இங்கே ஒரு நாள், அங்கே இரண்டு நாள் என்று படித்த படிப்பு ஒட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் கையெழுத்துப் போடத் தெரியாத படகுக்காரர்கள் இருந்தார்கள்.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. மிச்சமிருந்த சரக்குத் தொழிலும் அதோடு சாய்ந்தது. படகை விட்டுக் கரையேறியவர்களில் எழுத்து தெரியாதவர்கள் வேலை தேடிப் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

கால்வாய்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. 1946இல் ஆர்வலர்கள் சங்கம் அமைத்தார்கள். தூர்ந்த கால்வாய்களைத் தொண்டர்கள் சேற்றில் இறங்கி மீட்டார்கள். இன்று 2,000 மைலுக்குச் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. அன்று ஒரு குடும்பம் பிழைப்புக்காக அடைந்து கிடந்த அறையில், இன்று விடுமுறைக்காரர்கள் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள்.

வாசகர்களே, நம் பக்கமும் தோட்டங்கள் கைமாறுகின்றன. பால்மரம் போய்ச் செம்பனை, செம்பனை போய் வீடமைப்புப் பகுதி. இன்று இங்கே, நாளை எங்கேயோ என்று மூட்டை கட்டும் குடும்பங்கள் பல. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். லோரியில் சட்டி பானையை ஏற்றுமுன், பிள்ளையின் பள்ளி மாற்றத்துக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். புது இடத்தில் பள்ளி எங்கே, பேருந்து உண்டா என்று முதலில் விசாரியுங்கள். வாடகை நிதானமாகப் பேசலாம். விட்டுப்போன ஓராண்டுப் படிப்பைப் பிறகு பேசிப் பிடிக்க முடியாது.

தொட்டியில் தண்ணீர் மட்டம் உயர்ந்தால் கதவு தானே வழிவிடும் என்று பார்த்தோமல்லவா? நம் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் படிப்புதான். அது நிறையும்வரை நாம் கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டிருப்போம்.