சுழியமா? பழுதா?

நம் நாட்டில் மழை இடத்துக்கு இடம் மாறிப் பெய்யும். பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை ஒரு தாமானை நனைத்துவிட்டு, அடுத்த தாமானைத் தொடாமலே போய்விடுவது உண்டு. அதனால், தொலைவில் உள்ள ஒரு நிலையத்தின் மழை அளவு நம் வீட்டு வாசலில் பெய்த மழையைக் காட்டும் என்று சொல்ல முடியாது. இதை உணர்ந்த சிலர், வீட்டிலோ பள்ளியிலோ சிறிய வானிலை நிலையம் ஒன்றை அமைத்துக்கொள்கின்றனர். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், மழை ஆகியவற்றை அது அளந்து காட்டும். இவற்றுள் மழையை அளக்கும் மழைமானிதான் எளிதில் பழுதாகக்கூடியது. அதன் வாய் எப்போதும் வானத்தை நோக்கித் திறந்தே இருக்கிறது. தூசி, இலை, பூச்சி எல்லாம் அதற்குள் விழும்.

மழைமானியின் பழுதில் ஓர் ஆபத்தும் உண்டு. அது நின்றுபோனால் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது. காட்சித்திரையில் ‘0.0’ என்ற எண் அமைதியாக நிற்கும். மழை பெய்யாத நாளிலும் அதே எண்தான் தெரியும். பார்ப்பவர் எதைச் சுழியம் என்று கொள்வது? எதைப் பழுது என்று கொள்வது? மழைமானி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. பழுது என்று தெரிந்தவுடன் அதை வீசிவிட்டுப் புதியது வாங்குவதும் தவறு. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பழக்கமே மாணவர்களுக்குத் தேவை என்பது என் கருத்து.

முதலில் மழைமானி இயங்கும் முறையை அறிந்துகொள்வோம். மேலே ஒரு புனல் உண்டு. அதன் கீழே, சிறுவர் பூங்காவில் உள்ள சீசா பலகையைப் போல, இரு பக்கமும் சிறு கிண்ணங்கள் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. புனல் வழியே சொட்டும் நீர் ஒரு கிண்ணத்தை நிரப்பியதும், அது சாய்ந்து நீரைக் கொட்டும். உடனே மறு கிண்ணம் மேலே வந்து நிரம்பத் தொடங்கும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ரென் இத்தகைய மழைமானியை உருவாக்கினார். இன்றைய கருவியில் அந்தக் கிண்ண அமைப்பில் ஒரு சிறு காந்தம் பொருத்தப்பட்டிருக்கும். கிண்ணம் சாயும்போது காந்தம் ஒரு சிறிய மின்விசையைக் கடந்து செல்லும். மின்விசை ஒரு கணம் மூடித் திறக்கும். அதைக் கருவி ஒரு முறை என்று எண்ணிக்கொள்ளும். பல கருவிகளில் ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர் மழையைக் குறிக்கும்.

இந்தச் சிறு எண்ணில் பிழை வந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதை மிகக் கனமழை என்றும், 11 முதல் 30 மில்லிமீட்டர் வரை பெய்வதை மிதமான மழை என்றும் வடிகால் நீர்ப்பாசனத் துறை வகைப்படுத்துகிறது. பாதி அடைபட்ட மழைமானி, 70 மில்லிமீட்டர் மழையை 25 மில்லிமீட்டர் என்று காட்டினால், மிகக் கனமழை மிதமான மழையாகிவிடும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த அடைமழையையும், ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். வீட்டு மழைமானி அரசின் எச்சரிக்கைக்கு ஈடாகாது. ஆயினும், அதைப் பார்த்து ஒரு குடும்பம் காரை மேட்டுக்கு நகர்த்தலாமா, பொருள்களை மாடிக்கு ஏற்றலாமா என்று யோசிக்கும். அப்போது தவறான எண் தரும் நிம்மதி, எண்ணே இல்லாத நிலையைவிடக் கேடானது.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, பிறகே தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்று திருவள்ளுவர் மருத்துவத்தைப் பற்றிக் கூறினார். கருவிக்கும் அதே முறை பொருந்தும். மழைமானியில் நீர் செல்லும் பகுதி, மின்சாரப் பகுதி என இரண்டு பகுதிகள் உள்ளன. பழுது எந்தப் பகுதியில் உள்ளது என்பதை ஒரே சோதனையில் கண்டுபிடிக்கலாம். மழை இல்லாத நேரத்தில் புனலைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தைக் கையால் மெதுவாகப் பத்து முறை சாய்க்க வேண்டும். சிறிது நேரம் பொறுத்திருந்து திரையைப் பார்க்க வேண்டும். 2.0 மில்லிமீட்டர் என்று காட்டினால் மின்சாரப் பகுதி நன்றாக இருக்கிறது. பழுது நீர் செல்லும் வழியில்தான். எண் மாறவில்லை என்றால் காந்தம், மின்விசை, கம்பி, மின்கலம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இப்படிப் பாதி வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

நீர் செல்லும் வழியில் ஏற்படும் பழுதுகள் பெரும்பாலும் எளியவை. புனலின் துளையில் இலைத்துண்டோ பறவை எச்சமோ அடைத்திருக்கும். கிண்ணத்தின் அடியில் சிலந்தி வலை பின்னியிருக்கும். சில நேரம் எறும்புகள் கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டையிட்டிருக்கும். மழை நின்று பல மணி நேரம் ஆன பின்னும் அளவு சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே இருந்தால், துளை பாதி அடைபட்டிருக்கிறது என்று பொருள். மென்மையான தூரிகையும் சுத்தமான நீரும் போதும். அடைபட்ட புனலில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கும் இடம் கொடுக்கும் என்பதால், இந்தத் துப்புரவு டிங்கிக் காய்ச்சலைத் தடுக்கவும் உதவும். மழைமானி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அளவு பிழையாகும். ரசமட்டம் வைத்துச் சமமாக்க வேண்டும். தூண் காற்றில் ஆடினால் கிண்ணமும் ஆடி, பெய்யாத மழையையும் எண்ணிவிடும்.

மின்சாரப் பகுதியில், மின்கலம் தீர்ந்திருக்கிறதா, அதன் முனைகளில் வெண்ணிறப் படிவு உள்ளதா, காந்தம் கழன்று விழுந்திருக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கருவி இயங்கலாம். ஆனால், எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். உயரமான இடத்தில் உள்ள கருவியைப் பெரியவர் துணையின்றித் தொடக்கூடாது. இடி மின்னல் நேரத்தில் அருகில் செல்லவே கூடாது.

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது பழமொழி. பழுது நீங்கிய பிறகும் தீர விசாரிக்க வேண்டும். புனலின் வாய்ப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 மில்லிலிட்டர் நீர் சேரும். ஆகவே, 200 மில்லிலிட்டர் நீரை ஊற்றினால் திரை 20 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். அடியில் ஊசித்துளையிட்ட குவளையின் வழியாக நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வேகமாக ஊற்றினால், கிண்ணம் சாயும் இடைவெளியில் நீர் வீணாகி அளவு குறைந்துவிடும். குறைவாகக் காட்டினால், கிண்ணங்களின் அடியில் திருகுகள் இருக்கும் கருவியில், இரண்டையும் ஒரே அளவு சற்றே உயர்த்தி மீண்டும் சோதிக்கலாம்.

“இவ்வளவு தொல்லை எதற்கு? புதியது வாங்கிவிடலாமே!” என்று சொல்பவர்களும் உண்டு. மின்விசை முற்றாகக் கெட்டு, மாற்றுப் பாகமும் கிடைக்காவிட்டால் புதியது வாங்குவதில் தவறில்லை. ஆனால், மரத்தடியில் வைத்த பழைய கருவி இலையால் அடைபட்டது என்றால், அதே மரத்தடியில் வைக்கும் புதிய கருவியும் அடைபடத்தான் செய்யும். காரணம் அறியாமல் வாங்குவது, பழுதையும் சேர்த்து மறுபடி வாங்குவதற்குச் சமம். மேலும், ஓர் இலைத்துண்டுக்காக வீசப்படும் கருவி மின்னணுக் கழிவாகக் குவியும்.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. மழைமானி பழுதாக இருந்த நாள்களுக்குக் குறிப்பேட்டில் சுழியம் என்று எழுதக்கூடாது. ஊகித்து ஓர் எண்ணையும் நிரப்பக்கூடாது. ‘பழுது’ என்றே எழுத வேண்டும். மழை பெய்யவில்லை என்பது ஒரு செய்தி; நமக்குத் தெரியவில்லை என்பது வேறொரு செய்தி. இரண்டையும் கலந்துவிட்டால், அந்தக் குறிப்பேட்டைப் பின்னர் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

ஆகவே, வானிலை நிலையம் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் மாதம் ஒரு முறை மழைமானியைத் துப்புரவு செய்து சோதிக்கும் பொறுப்பை மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். அதற்கு ஒரு தூரிகை, ஓர் அளவுக் குவளை, ஒரு குறிப்பேடு போதும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே புனலைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.