குளம் வெட்டினால் மட்டும் போதுமா?

புது தில்லி: மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நீர்ப் பாதுகாப்புப் பணிகளை முன்னுரிமைப் பட்டியலில் முதலாவதாக வைத்துள்ளது. உறுதியளிக்கப்படும் வேலை நாள்கள் 100-லிருந்து 125 ஆக உயர்ந்துள்ளன. காந்தியடிகளின் பெயர் நீக்கப்பட்டதும், மாநிலங்களின் நிதிச் சுமையும் அவையில் பெரும் அமளியைக் கிளப்பின. வெட்டப்படும் குளத்தைப் பின்னர் காப்பது யார் என்ற கேள்விக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வியல்ல இது. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட முதலாவது நீர்நிலைகள் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 24.24 லட்சம் நீர்நிலைகள் உள்ளன. அவற்றில் 97 சதவீதம் ஊரகப் பகுதிகளில் இருப்பவை. ஏறத்தாழ 4 லட்சம் நீர்நிலைகள் வற்றியும், தூர்ந்தும், சிதைந்தும் பயன்பாட்டில் இல்லை. மாவட்டத்துக்கு 75 குளங்கள் என்ற இலக்குடன் 2022-இல் தொடங்கிய 'அமிர்த நீர்நிலை' இயக்கம் நாடு முழுவதற்கும் நிர்ணயித்த எண்ணிக்கை 50 ஆயிரம். அந்த இலக்கு எட்டப்பட்டுவிட்டது. எனினும், கைவிடப்பட்டவற்றோடு ஒப்பிட்டால் அது எட்டில் ஒரு பங்குதான்.

எண்ணிக்கையைத் தாண்டிய பாடம், தில்லிக்கு அருகிலுள்ள ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் கிடைக்கிறது. 1985-இல் கோபால்புரா கிராமத்தில் ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கமும் ஊர் மக்களும் 'ஜோகட்' எனப்படும் பழைய குளத்தைத் தூர்வாரினர். சரிவான நிலத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, ஓடும் மழைநீரை நிறுத்துவதே ஜோகட். தேங்கிய நீர் மண்ணில் இறங்கிக் கிணறுகளில் ஊறும். நீர் வற்றிய பின் ஈரப் படுகையிலேயே பயிர் செய்யலாம். இத்தகைய கரைகள் பெருகியதன் பலனாக, வறண்டு கிடந்த அர்வரி ஆற்றில் மீண்டும் நீரோட்டம் வந்தது.

ஆனால், நீர் வந்ததும் உரிமைப் பிரச்னையும் வந்தது. ஆற்றில் மீன்பிடிக்க அரசு குத்தகை வழங்கியபோது கிராமங்கள் எதிர்த்து நின்றன. அதன் தொடர்ச்சியாக சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து 'அர்வரி நாடாளுமன்றம்' அமைத்து, கரும்பு போன்ற அதிக நீர் குடிக்கும் பயிர்களுக்குத் தடை விதித்தன. 2001-இல் லாவா கா பாஸ் கிராமத்தில் மக்கள் கட்டிய தடுப்பணை சட்டவிரோதமானது என்றது மாநிலப் பாசனத் துறை. கீழ்ப்பகுதிக்கு நீர் குறையும் என்பது அதன் வாதம். புறந்தள்ள முடியாத வாதம்தான். ஆனால், அதைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் மேல், கீழ்ப் பகுதிக் கிராமங்கள் ஒன்றாக அமரும் அவையே.

உச்ச நீதிமன்றமும் இதே திசையைக் காட்டியுள்ளது. பஞ்சாபில் ஊர்க்குளத்தை ஆக்கிரமித்தது தொடர்பான வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை மீட்டு கிராம சபைகளிடமோ ஊராட்சிகளிடமோ ஒப்படைக்குமாறு அனைத்து மாநிலங்களுக்கும் 2011-இல் அது உத்தரவிட்டது.

புதிய சட்டம் எங்கே நிற்கிறது? பழைய சட்டத்தில் உடலுழைப்புத் தொழிலாளரின் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. இனி பெரும்பாலான மாநிலங்களில் செலவு 60:40 எனப் பகிரப்படும். மத்திய ஒதுக்கீட்டை மீறும் செலவு மாநிலத்தின் தலையில் விழும். பணிகள் ஊராட்சித் திட்டங்களிலிருந்தே தேர்வாகும் என்கிறது அரசு. ஆனால், நிதி நெருக்கடியில் முதலில் வெட்டு விழுவது, திறப்பு விழா காண முடியாத தூர்வாரலுக்கும் கரை பழுதுபார்ப்புக்கும்தான்.

குளம் வெட்ட ஒரு கோடை போதும். கரையைக் காக்க ஆண்டுதோறும் ஆள் வேண்டும். அதற்கென ஒரு பங்கு நிதியையும், நீரைப் பங்கிடும் அதிகாரத்தையும் கிராம சபைக்கு அளிக்காவிட்டால், அடுத்த கணக்கெடுப்பில் பயன்படாத குளங்களின் பட்டியல்தான் நீளும்.