'நான்' கதையா, 'அவன்' கதையா: யார் சொன்னால் நாம் நம்புகிறோம்?

காலை எட்டரை மணி ஆவடி லோக்கல். அண்ணனூர், திருமுல்லைவாயல் தாண்டி அம்பத்தூர் வருவதற்குள் நிற்கவே இடம் இருக்காது. ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் போன். ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு நடுவே தொடர்கதை படிப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்று கேட்டால் காதல், த்ரில்லர், சரித்திரம் என்று பதில் வரும்.

இன்னொரு விருப்பமும் பலருக்கு உண்டு. அதைப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். கதை 'நான்' என்று ஆரம்பித்தால் சிலர் உடனே உள்ளே போய்விடுவார்கள். 'அவன்' என்று வந்தால் இரண்டு பத்தியிலேயே மூடிவிடுவார்கள். வேறு சிலருக்கு நேர் எதிர்: "என்னங்க இது, டைரி மாதிரி 'நான் நான்'னு..." என்று சலிப்பு வந்துவிடும்.

இது வெறும் ரசனைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் யார் வாயால் கதை வருகிறதோ, அவர் பக்கம்தான் நம் மனசும் சாய்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது.

'நான்' ஏன் இழுக்கிறது?

பள்ளி இலக்கணத்தில் படித்த தன்மை, முன்னிலை, படர்க்கைதான் விஷயம். 'நான்' சொன்னால் தன்மை. 'அவன், அவள், அவர்' என்றால் படர்க்கை. 'நீ' என்று முன்னிலையில் முழுக் கதையும் சொல்வது அபூர்வம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், வாய்ஸ் நோட், இன்ஸ்டா கேப்ஷன் என்று நாள் முழுக்க நாம் கேட்பது 'நான்' குரலைத்தான். அதே குரலில் கதை வந்தால் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது.

இது போன் வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைத்தால் தப்பு. சங்க அகப்பாடல்களில் கவிஞர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று, செவிலி கூற்று என்று ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவர் வாயிலிருந்துதான் வரும். சொல்வது யார் என்று தெரிந்தால்தான் பாட்டே புரியும். சுமார் 2,000 ஆண்டுப் பழக்கம் நமக்கு.

'நான்' சொன்னால் உண்மையா?

கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004) பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சிறையில் கொத்தாளத் தேவர் தன் கதையைச் சொல்கிறார். கேட்கும்போது விருமாண்டி கொடூரன். அடுத்து விருமாண்டி சொல்கிறான். அதே ஊர், அதே ஆட்கள், ஆனால் கதை தலைகீழ். இரண்டும் தன்மைக் கூற்றுதான்.

'நான்' குரலின் பலமும் அபாயமும் இதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவரை நம்பிவிடுகிறோம். அவர் பார்க்காததும், பார்த்தும் சொல்லாததும் நமக்குத் தெரியாமலே போகலாம்.

அப்படியென்றால் 'அவன்' நடுநிலையா?

அங்கேதான் தமிழ் நம்மை மாட்டிவிடுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நடக்கும் ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். "மேனேஜர் வந்தார். செக்யூரிட்டி கேட்டைத் திறந்தான். கூட்டுகிற பெண் ஒதுங்கி நின்றாள்." மூன்றே வாக்கியம். யாருக்கு மரியாதை, யாருக்கு இல்லை என்று கதை சொல்பவர் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. நாமும் கவனிக்காமல் தலையாட்டியாகிவிட்டது.

ஆங்கிலத்தில் மேனேஜருக்கும் செக்யூரிட்டிக்கும் ஒரே 'ஹீ' போதும். தமிழில் படர்க்கையில் எழுதுபவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'ஆன்' போடுவதா 'ஆர்' போடுவதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அதில் வயசு, வேலை, வர்க்கம், சாதி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "நான் வந்தேன்" என்று சொல்லும்போது இந்தச் சிக்கல் இல்லை. ஆணா பெண்ணா என்பதுகூட அந்த வினைச்சொல்லில் தெரியாது. மேனேஜரின் 'நான்' எவ்வளவு உயரமோ, செக்யூரிட்டியின் 'நான்' அதே உயரம்.

படர்க்கைக்கு வேறு ஒரு பலம் இருக்கிறது: ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு மனசை அதனால் காட்ட முடியும். விலகி நிற்கவும் முடியும். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து அசோகமித்திரன் எழுதிய 'தண்ணீர்' நாவலில் ஜமுனாவின் துயரம் படர்க்கையில்தான் வருகிறது. அவளே 'நான்' என்று அழுதிருந்தால், தெருவிலிருக்கும் மற்ற வீட்டுக் குடங்கள் நம் கண்ணில் இந்த அளவுக்குப் பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ஒரே இரவு, இரண்டு கதை

இந்த வித்தியாசத்துக்குத் தமிழில் ஜெயகாந்தனைவிட நல்ல சாட்சி இல்லை. 1966-ல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்தவளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் அம்மா. கதை படர்க்கையில் சொல்லப்படுவதால் மகளின் பயமும் தெரிகிறது, தாயின் மனசும் தெரிகிறது. வாசகர்களிடையே பெரிய சர்ச்சை கிளம்பியது.

அதன் பிறகு ஜெயகாந்தன் அதே இரவை எடுத்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். இந்த முறை பேசுவது அந்தப் பெண்ணே. அவள் பெயர் கங்கா. பத்திரிகையில் வந்த அந்தச் சிறுகதையை அவளும் படிக்கிறாள். ஆனால் அவள் வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றி மன்னிக்கவில்லை. அம்மா போட்ட கூச்சலில் ஊருக்கே தெரிந்தது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தினான்.

படர்க்கையில் வந்த கருணையை, 'நான்' வந்து மறுத்துப் பேசுகிறது. நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1977-ல் படமாகவும் வந்தது. இதில் எது நல்ல கதை என்று இன்றைக்கும் வாதாடலாம். முதல் கதையில் அம்மா எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. இரண்டாவதில், இல்லாமல் போனால் மகளுக்கு என்ன ஆகிறது என்று தெரிகிறது. ஒன்றை மட்டும் படித்தவருக்குப் பாதிதான் கிடைத்திருக்கும்.

நமக்கு இதில் என்ன?

1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு' புனைகதை அல்ல, தன்வரலாறு. அதுவரை பெரும்பாலும் அடுத்தவர் எழுத்தில் 'அவன், அவள்' என்று மட்டும் இருந்த மக்களிலிருந்து ஒரு பெண், தன் பேச்சு மொழியிலேயே 'நான்' என்று எழுதினார். அந்த 'நான்' பலருக்குக் கதவைத் திறந்தது. 'நான்' கதை போரடிக்கிறது என்று ஒதுக்கும்போது இந்தக் குரல்களையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறோம். 'அவன்' கதை ஒட்டவில்லை என்று ஒதுக்கினால், நம்மைப் போல இல்லாத இரண்டு பேரை ஒரே நேரத்தில் புரிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விடுகிறது.

பிடித்தது பிடித்ததாகவே இருக்கட்டும். ஆனால் அடுத்த கதையைத் திறக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'நான்' கதை என்றால்: இதையே எதிராளி சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? 'அவன்' கதை என்றால்: இதில் யாருக்கு 'ர்', யாருக்கு 'ன்'?

ஆவடியிலிருந்து அம்பத்தூர் வருவதற்குள் பதில் கிடைத்துவிடும். இறங்கி ஆபீஸ் கேட்டில் நுழையும்போது, அங்கே நிற்கும் செக்யூரிட்டியை நீங்கள் மனசுக்குள் 'நின்றான்' என்கிறீர்களா, 'நின்றார்' என்கிறீர்களா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.