நம் கோபம் யாருக்கு வருமானம்?

தீயை அணைக்கப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு, அதில் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்த கதை ஒன்றை இங்கே சொல்லப் போகிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களைப் போல் இன்னும் எத்தனையோ பேர் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பதால், சொல்லாமல் இருப்பதும் சரியல்ல.

சென்ற அரையாண்டு விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மாவுடைய செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஓர் இளைஞர் காரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பொம்பளைப் பிள்ளைக்குப் பத்தாவதுக்கு மேல படிப்பு எதுக்கு? கான்வென்ட்ல படிச்சவளுக்கு ரசம் வைக்கத் தெரியுமா?" என்று சிரித்தபடி கேட்டார். பொதுத் தேர்வுக்காக இரவும் பகலும் புத்தகமும் கையுமாக இருந்த எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! "இந்த அநியாயத்தைப் பாருடி" என்று ஒருத்தி மற்றொருத்திக்கு அனுப்பினாள். அம்மா, அக்கா, சித்தி என வீட்டில் யாருடைய போன் கிடைத்ததோ அதிலிருந்தெல்லாம் பதில் எழுதினோம். எங்கள் வகுப்பில் 42 பேர். ஏறத்தாழ எல்லோருமே இந்தப் 'போரில்' இறங்கினோம்.

பத்து நாள் கழித்து அவர் இன்னொரு வீடியோ போட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று வெற்றிப் பெருமிதத்துடன் திறந்தோம். அவரோ கையெடுத்துக் கும்பிட்டு, "திட்டின தங்கச்சிங்க எல்லாருக்கும் நன்றி! உங்களாலதான் நம்ம சேனல் இவ்வளவு தூரம் வளர்ந்துச்சு" என்றார். புதிதாக வாங்கிய காமிராவையும் எடுத்துக் காட்டினார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் எங்களோடு வாதாட வரவேயில்லை. தூண்டில் போட வந்தார். நாங்கள் 42 மீன்கள்!

இந்தத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் 'ரேஜ் பெயிட்' என்று பெயர். சினமூட்டும் தூண்டில் இரை என்று நாம் சொல்லலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 2025ஆம் ஆண்டின் சொல்லாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஓர் ஆண்டைக் குறிக்கும் சொல்லாகும் அளவுக்கு இந்தத் தூண்டில் உலகெங்கும் பரவிவிட்டது என்பது வருந்தத்தக்கது அன்றோ?

இது எப்படி நடக்கிறது? ஒரு வீடியோவை எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பதில் எழுதுகிறார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்புகிறார்கள் என்பதை இணைய நிறுவனங்களின் கணினி எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை கூடினால் அதை மேலும் பலருக்குக் காட்டுகிறது. அதனுடன் விளம்பரமும் வருகிறது. விளம்பரத்துடன் பணமும் வருகிறது. பாராட்டி எழுதினாலும் திட்டி எழுதினாலும் பதில் பதில்தான். ஃபேஸ்புக் நிறுவனம் 2017ஆம் ஆண்டு முதல், சிவந்த கோபமுகப் பொம்மையை ஒருவர் அழுத்தினால் அதற்குச் சாதாரண 'லைக்'கைப் போல் ஐந்து மடங்கு வரை மதிப்புக் கொடுத்து வந்தது. 2020ஆம் ஆண்டில்தான் அந்த மதிப்பைப் பூஜ்யம் ஆக்கியது. இச்செய்தி 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களிலிருந்து உலகுக்குத் தெரியவந்தது. நம் கோபத்தைத் தராசில் நிறுத்து விலை போட்டிருக்கிறார்கள்!

எங்களுக்கு நேர்ந்தது சிறிய காரியம். இதைவிடப் பெரிய கொடுமை 2024 அக்டோபரில் தென்கொரியாவின் தலைநகரான சியோலில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின் காலத்தில் ஜப்பானிய இராணுவம் கொண்டுபோய்க் கொடுமைப்படுத்திய பெண்களின் நினைவாக அந்நாட்டில் பல இடங்களில் 'அமைதிச் சிலை' வைத்திருக்கிறார்கள். வெறுங்காலுடன், கைகளை மடியில் இறுக மூடி அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியின் சிலை அது. எங்கள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நேரலைக்காரர் அச்சிலைகளில் ஒன்றை முத்தமிட்டு, அதை வீடியோ எடுத்து வெளியிட்டார். அந்த நாடே கொதித்தது. அவர்மீது வேறு குற்றங்களுக்காக வழக்குத் தொடரப்பட்டது. நாட்டை விட்டுப் போகவும் தடை விதிக்கப்பட்டது.

இதே மனிதர் 2023இல் ஜப்பானுக்குப் போயிருந்தார். அங்கே இரயில் பயணிகளிடம் ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சைச் சொல்லிக் கேலி செய்தார். கவனியுங்கள், ஜப்பானில் ஜப்பானியரின் புண்ணைக் கீறினார். கொரியாவில் ஜப்பானியரால் துன்புற்ற பெண்களின் புண்ணைக் கீறினார். அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை. எங்கே புண் இருக்கிறது என்று தேடுவது மட்டுமே அவர் வேலை. அவருடைய பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. காரணம் உங்களுக்கே விளங்கும்.

இது செல்போன் வந்த பின் பிறந்த நோய் என்றே நினைத்திருந்தோம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களைத் திருத்தூதர் பணி நூலின் 19ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார்கள். புனித சின்னப்பர் எபேசு நகரில் போதித்த காலம் அது. தெமேத்திரியு என்ற தட்டான் அர்த்தமி தேவதையின் கோவில் உருவங்களை வெள்ளியில் செய்து விற்று வந்தான். விற்பனை குறைந்துவிடும் என்று அஞ்சி, தேவதையின் பெருமைக்கே இழுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டான். மக்கள் அரங்கில் கூடி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கத்தினார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எதற்காகக் கூடினோம் என்பதே தெரியாதாம்! இதைப் படித்ததும் வகுப்பே சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த அரங்கில் நின்றவர்கள் நாங்கள்தானே?

"அப்படியானால் அநியாயத்தைக் கண்டும் வாய் மூடி இருக்க வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வகுப்பிலும் இக்கேள்வி எழுந்தது. கூடாது என்பதே எங்கள் முடிவு. ஆலயத்தில் வாணிகம் செய்தவர்களை நம் ஆண்டவர் சாட்டை பின்னித் துரத்தினார். கோபமே பாவம் அன்று. ஆனால் அவருடைய கோபம் வியாபாரத்தை நிறுத்தியது. எங்கள் கோபமோ வியாபாரத்தை வளர்த்தது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

மீண்டும் அந்த வெண்கலச் சிறுமியிடமே வருவோம். போரில் துன்புற்ற பெண்கள், தங்களுக்கு நீதி வேண்டுமென்று 1992 ஜனவரி முதல் சியோலில் ஜப்பானியத் தூதரகத்தின் எதிரே புதன்கிழமைதோறும் ஆதரவாளர்களுடன் கூடினார்கள். அந்தப் போராட்டத்தின் ஆயிரமாவது புதன்கிழமையன்று, 2011 டிசம்பர் 14ஆம் நாள், முதல் அமைதிச் சிலை அங்கே வைக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! மழையிலும் பனியிலும் அந்தப் பாட்டிமார் காத்த கோபத்துக்கும், இரண்டு நிமிடத்தில் எங்கள் கட்டைவிரலில் பிறந்து மறைந்த கோபத்துக்கும் எவ்வளவு தூரம்! அவர்களுக்குத் தாங்கள் என்ன கேட்கிறோம் என்பது தெரிந்திருந்தது. எங்களுக்கோ திட்டத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் வகுப்பில் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். சினத்தைத் தூண்டும் வீடியோ வந்தால், "இதைப் பார்" என்று எழுதி ஒருவருக்கும் அனுப்ப மாட்டோம். அவருக்குக் கீழே பதில் எழுத மாட்டோம். உண்மையிலேயே ஒருவருக்குத் தீங்கு செய்வதாக இருந்தால், பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ காட்டி முறைப்படி புகார் செய்வோம். சொல்ல வேண்டிய கருத்து இருந்தால், அவர் பெயரைச் சொல்லாமல் நம் கருத்தை மட்டும் நம் சொற்களில் சொல்வோம். இக்கட்டுரையே அதற்கு முதல் முயற்சி.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தவறாக நினைக்க வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில், "காலம் கெட்டுப் போச்சு, பாருங்க" என்று பெரியவர்கள் அனுப்பும் வீடியோக்கள் எங்களுடையவற்றைவிடக் குறைவல்ல. அந்தத் தூண்டிலில் உங்கள் கோபமும் மாட்டுகிறது. அனுப்புமுன் ஒரு கணம் யோசியுங்கள்: இதனால் யாருக்கு நன்மை, யாருக்கு வருமானம்?

அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லையே என்கிறீர்களா? பதினோராம் வகுப்பில் எங்களுக்காக பெஞ்சுகள் காத்திருக்கின்றன. அவற்றில் போய் உட்காருவதே எங்கள் விடை. ரசம் வைக்கவும் எங்களில் பலருக்குத் தெரியும். அதை வீடியோ எடுத்து யாருக்கும் நிரூபிக்கப் போவதில்லை.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர் சார்பில், ஒரு மாணவி