குரலுக்கு பில் எங்கே?

ஓசூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போகிற லாரியில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு இருந்தால் இ-வே பில் வேண்டும். வெறும் நட்டு, போல்ட்டாக இருந்தாலும் யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, என்ன விலை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வரி செக்போஸ்ட்தான் போனது. பில் போகவில்லை.

மனிதக் குரல் மட்டும் இன்று எந்த பில்லும் இல்லாமல் எல்லை தாண்டிக்கொண்டிருக்கிறது.

சமீபத்தில் ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் மெல்லிசைக் குழு. ஓசூர் கல்யாணம் என்றால் தமிழ் மட்டும் போதாது. பெண் வீட்டுக்குத் தெலுங்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கன்னடம், நடுவில் யாராவது ஓர் இந்திப் பாட்டு கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரே பெண் பாடிக்கொண்டிருந்தார். பகலில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை, சாயங்காலம் மேடை.

இடைவேளையில் பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் லேப்டாப்பைத் திறந்து, குழுவை நடத்துபவரிடம் பாட்டு பாடும் சாஃப்ட்வேர் ஒன்றைக் காட்டினார். "வரிகளை டைப் பண்ணுங்க, ட்யூனைக் கொடுங்க, ஒரு பட்டன். நாலு மொழியிலும் பாடும். இனிமே சிங்கர் செலவே இல்லை அண்ணே." டெமோ ஓடியது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், நடுவுல மூச்சு இழுக்கிற சத்தம் கேக்குதே, அது யாரோட மூச்சு?"

இளைஞர் சிரித்தார். "அதெல்லாம் டெக்னாலஜி மேடம்."

"எங்க கம்பெனில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா, எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எந்த லாட்டுல வந்த கம்பின்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவோம். ஒரு குரலுக்கு அதைச் சொல்ல முடியாதா?"

பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். எந்த இயந்திரமும் தானாகப் பாடாது. ஒரு வகை சாஃப்ட்வேரில், யாரோ ஒருவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து துண்டு துண்டாக ஒலிகளைப் பாடிக் கொடுத்திருப்பார். சாஃப்ட்வேர் அதை ஒட்டிப் பாட்டாக்குகிறது. இன்னொரு வகையில், ஒரு பாடகரின் பழைய பதிவுகளைக் கொடுத்து அவர் குரலின் தன்மையைக் கற்றுக்கொள்ள வைக்கிறார்கள். பிறகு வேறு யாரோ பாடுகிறார். பாவம், கமகம், மூச்சு எல்லாம் அவருடையது. மேலே போர்த்திய குரல் மட்டும் இன்னொருவருடையது. எப்படிப் பார்த்தாலும் உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார். அவரை மறைத்துவிட்டு 'சிங்கர் தேவையில்லை' என்று விற்பது விளம்பரம் அல்ல, மோசடி.

நேர்மையாக விற்க முடியாதா? முடியும். 2007-ல் ஜப்பானில் கிரிப்டன் என்ற நிறுவனம், யமஹாவின் வோக்கலாய்ட் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஹாட்சுனே மிக்கு என்ற செயற்கைப் பாடகியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிக்கு உலகப் புகழ் பெற்றாள். குரல் கொடுத்தவர் சாகி ஃபுஜிதா என்ற டப்பிங் கலைஞர் என்பது ஊரறிந்த செய்தி. எந்த வேகத்தில், எந்த சுர எல்லைக்குள் பாடவைத்தால் நன்றாக இருக்கும் என்பதையும் கம்பெனியே சொன்னது. சரக்கின் எல்லையைச் சொன்னதால் வியாபாரம் படுத்துவிடவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2024-ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். ஷாகுல் ஹமீது இறந்தது 1997-ல். பம்பா பாக்யா 2022-ல். சர்ச்சை கிளம்பியது. குடும்பங்களிடம் அனுமதி வாங்கினோம், உரிய சன்மானமும் கொடுத்தோம் என்று ரஹ்மான் பகிரங்கமாகச் சொன்னார். அவர் வெளிப்படையாகச் சொன்னதால்தான் நம்மால் விவாதிக்கவே முடிந்தது. அதற்கு அவரைப் பாராட்டலாம்.

ஆனால் எனக்கு ஒரு நெருடல் மிச்சம் இருக்கிறது. குடும்பத்தின் சம்மதம் பாடகரின் சம்மதம் ஆகாது. 1997-ல் காலமான ஒரு கலைஞரிடம், 'உங்கள் குரல் 2024-ல் நீங்கள் பாடாத பாட்டைப் பாடும், சம்மதமா?' என்று யார் கேட்டிருக்க முடியும்? இன்று உயிரோடு இருக்கும் பாடகர்கள் நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதுவதுபோல் குரலுக்கும் எழுதிவைப்பது நல்லது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2023-ல் வந்த 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலை ஏ.ஐ. மூலம் பயன்படுத்தினார்கள். எங்களிடம் கேட்கவே இல்லை என்று அவர் மகன் சரண் 2024-ல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பாடிவைத்துவிட்டுப் போன மனிதர். அவருடைய குரலைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு போன் கால்கூடவா கூடாது?

'கேட்க நல்லா இருக்கே, அப்புறம் என்ன சார்?' என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஓசூரிலேயே பதில் இருக்கிறது. 1980-களிலிருந்து இங்கே டைட்டன் கடிகாரம் செய்கிறார்கள். அதே பெயரில் டூப்ளிகேட் வாட்ச் கட்டினாலும் மணி அதேதான் காட்டும். அதனால் டூப்ளிகேட் நியாயமாகிவிடுமா? தப்பு மணியில் இல்லை, டயலில் எழுதிய பெயரில் இருக்கிறது.

'கீபோர்ட் வந்தபோதும் இப்படித்தான் புலம்பினீர்கள்' என்பது அடுத்த வாதம். கீபோர்டில் வயலின் சத்தம் வந்தபோது, 'இது குன்னக்குடி வைத்தியநாதன் வாசித்தது' என்று யாரும் அதை விற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டம் சும்மா இல்லை. நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், தன்னுடைய நிகழ்த்துதலுக்குத் தன் பெயரைக் கோரும் உரிமையைக் கலைஞருக்குத் தந்திருக்கிறது. பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அவர் அனுமதி இல்லாமல் எந்தக் குரலையும் அவர் குரலாக மாற்றித் தரும் ஏ.ஐ. கருவிகளுக்கு எதிராக பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்கால உத்தரவு போட்டது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பொருளை விற்பவருக்கு மட்டுமல்ல, அதைப் பரிந்துரைத்து நடிக்கும் பிரபலத்துக்கும்தான். காசு வாங்கிக்கொண்டு 'நானே யூஸ் பண்ணிப் பார்த்தேன், சூப்பர்' என்று வீடியோ போடுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

பாட்டு சாஃப்ட்வேர் விற்பவர்களிடம் நான் கேட்பது நான்கே விஷயம்.

ஒன்று, குரல் யாருடையது? பெயர் வெளியே வர வேண்டாம் என்று அவரே விரும்பினால், அதையாவது எழுதுங்கள்.

இரண்டு, சம்மதம் வாங்கினீர்களா, காசு கொடுத்தீர்களா? ஒரு தடவையா, விற்பனையில் பங்கா?

மூன்று, டெமோவை எத்தனை மணி நேரம், யார் உட்கார்ந்து செதுக்கினார்கள்? ஒரு பட்டன் என்றால் என் கண் முன்னால் ஒரு பட்டனை அழுத்திக் காட்டுங்கள். 'ழ'வும் 'ற'வும் எப்படி வருகிறது, கேட்போம்.

நான்கு, சாஃப்ட்வேரைப் புகழ்கிறவருக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?

இது ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. ஒரு நட்டு டப்பாவின் மேல் ஒட்டுகிற லேபிள், அவ்வளவுதான்.

ஓசூர்க் குழு அந்த சாஃப்ட்வேரை வாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. கொள்கைக்காக அல்ல, விலை படியவில்லையாம். விலை எப்படியும் ஒரு நாள் இறங்கும். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அதற்குள் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.